அப்பா சாப்பிட மாட்டேன் என்கிறார்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அப்பாவுக்கு 67 வயது. தீப்பெட்டி ஆபீஸில் 30 வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. மதுரையில் மூன்று கீமோ கொடுத்தார்கள். போன மாதம், "இனி கொடுத்தால் உடம்பு தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரமாக நாலு ஸ்பூன் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. வயிற்றிலிருந்து முதுகு வரை வலி. ராத்திரி முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார். மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்தார்கள். அது போதை மருந்து, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று எல்லோரும் சொல்வதால் இன்னும் கொடுக்கவில்லை. ஓசூரில் இருக்கும் அண்ணன், மூக்கில் டியூப் போடலாம், இல்லையென்றால் நிலத்தை விற்றாவது சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்கிறான். பெரியத்தை, "பட்டினி போட்டே கொல்லப் போறீக" என்று அழுகிறார். அவரே இன்னொரு நாள், "இப்படிக் கிடந்து சீரழியறதுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி விட்டுரலாம்" என்கிறார். ஹாஸ்பிஸ் என்று ஒன்று இருக்கிறதாமே, அங்கே சேர்த்தால் ஊர் என்ன பேசும்? அப்பாவிடம் நோயின் பெயரைக்கூட நாங்கள் சொல்லவில்லை. முந்தாநாள் தன் பழைய கணக்கு நோட்டைக் கேட்டார். "குணமானதும் பாத்துக்கிடலாம்" என்று அம்மா எடுத்து வைத்துவிட்டாள். என் மகனுக்கு 8 வயது. அவன் பார்க்க வேண்டாம் என்று நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நான் செய்வது சரியா தவறா என்றே தெரியவில்லை. தூங்கி எத்தனை நாளாச்சு என்றும் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சாப்பாட்டை நினைத்துத்தான் வீட்டில் எல்லோரும் அதிகம் கலங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் வலி. ஒரு மனிதர் ராத்திரி முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கான மருந்து அதே வீட்டுக்குள் இருக்கிறது. முதலில் இதைச் சரிசெய்துவிடுவோம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. அதன் பின்புறம் நரம்புகள் ஒரு பின்னலாக ஓடுகின்றன. கட்டி அந்தப் பின்னலைப் பிடிக்கும்போது வலி வயிற்றில் கிளம்பி முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் விடும். அப்பா குனிந்தே இருப்பது அதனால்தான். சாதாரண வலி மாத்திரை இதற்கு எட்டாது. மார்ஃபின் பெரும்பாலும் எட்டும்.

எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இன்றே போன் செய்யுங்கள். இத்தனை நாள் கொடுக்கவில்லை, இப்போது தொடங்குகிறோம் என்று சொல்லுங்கள். கண் மஞ்சளாக இருக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், இதையெல்லாம் சொல்லி அளவை உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்லீரலும் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் அளவைக் குறைக்கவோ இடைவெளியைக் கூட்டவோ வேண்டியிருக்கும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம்தான். அதனால் வலி வந்த பிறகு கொடுப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். நடுவில் வலி கிளம்பினால் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம், இரவில் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதையும் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் அதிகம் தூங்குவார். பயப்பட வேண்டாம். பாதி அந்த மருந்தின் மயக்கம், மீதி பல நாள் தூங்காத களைப்பு. குமட்டல் வந்தால் அதற்கும் மாத்திரை உண்டு; சில நாளில் அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல் ஒன்றுதான். மார்ஃபின் சாப்பிடும் வரை மலமிளக்கி மருந்தும் தினமும் கூடவே போக வேண்டும். சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தட்டி எழுப்பினாலும் எழுந்திருக்க முடியாத அளவு மயக்கம், மூச்சு மிகவும் மெதுவாவது என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

போதைக்கு அடிமையாகிவிடுவாரா என்ற பயத்தை விட்டுவிடுங்கள். வலிக்காக, அளவோடு, நேரப்படி வாய்வழியாகச் சாப்பிடுகிற புற்றுநோயாளிக்கு அப்படி ஆவது மிக அரிது. "மார்ஃபின் கொடுத்தால் போய்விடுவார்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? பல வீடுகளில் அந்த மாத்திரையைக் கடைசி இரண்டு நாளில்தான் டப்பாவிலிருந்து எடுக்கிறார்கள். அதன் பிறகு ஆள் இறந்துவிடுகிறார். பழி மருந்தின் மேல் விழுகிறது. அளவாகக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலியில்லாமல் தூங்கி எழுந்தவர் மறுநாள் காலை தானாகவே காப்பி கேட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்துதான் இந்த மருந்து கிடைக்கிறது. அரசாங்கமே உரிமம் கொடுத்து அதைப் பயிரிட வைக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரில் அரசு ஆலை வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ஓடுகிறது. இருந்தும் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்ஃபின் வாங்கி வைக்க அஞ்சின. ஒரு தலைமுறை நோயாளிகள் வலியோடே போய்ச் சேர்ந்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அதற்காகப் பல வருடம் அலைந்தவர்களில் கேரளத்து டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் முக்கியமானவர். அப்படிப் போராடி நம் கைக்கு வந்த மாத்திரை, சகோதரி. டப்பாவிலேயே கிடக்க விடாதீர்கள்.

மாத்திரையை ஏற்றிப் பார்த்தும் வலி அடங்கவில்லை என்றால், நான் சொன்ன அந்த நரம்புப் பின்னலில் நேரடியாக மருந்து செலுத்தி வலியை மரக்கச் செய்யும் ஊசி முறை ஒன்று உண்டு. வலி சிகிச்சை நிபுணர்கள் ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடுவார்கள். கணையப் புற்றுநோய்க்கு அது நல்ல பலன் தருவது. அப்பாவின் உடல்நிலை அதற்கு இடம் கொடுக்குமா என்று மதுரை டாக்டரிடம் கேளுங்கள்.

பெரியத்தை சாடையாகச் சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியே சாக வைப்பது அது. நம் தென்மாவட்டங்களில் அதற்குத் தலைக்கூத்தல் என்று பெயரே இருக்கிறது. அது கொலை. யார் சொன்னாலும், எந்த ஊர் வழக்கம் என்றாலும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அதற்காகப் பெரியத்தையை வெறுக்கவும் வேண்டாம். தம்பி துடிப்பதைக் காணச் சகிக்காத வாயிலிருந்து வந்த பேச்சு அது. "பட்டினி போட்டுக் கொல்றீக" என்று அழுததும் அதே வாய்தானே. வலி அடங்கட்டும். அடங்கிய பிறகு அவரைக் கூப்பிட்டுத் தம்பி பக்கத்தில் உட்கார வையுங்கள். சின்ன வயசுக் கதை பேசச் சொல்லுங்கள். அந்த யோசனை திரும்ப வராது.

இப்போது சாப்பாடு.

பட்டினி என்றால் உடம்பு கேட்கும், சோறு இருக்காது. உங்கள் வீட்டில் சோறு இருக்கிறது, உடம்பு கேட்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. நோய் முற்றும்போது கட்டியும், அதை எதிர்த்து உடம்பு சுரக்கிற ரசாயனங்களும் சேர்ந்து பசியை அணைத்துவிடுகின்றன. தசையும் கொழுப்பும் தானாகக் கரைகின்றன. வெளியிலிருந்து எவ்வளவு ஊட்டினாலும் அந்தக் கரைச்சல் நிற்பதில்லை. கணையப் புற்றுநோயில் இது மற்றவற்றைவிட அதிகம். சாப்பிடாததால் அப்பா இளைக்கிறார் என்று நினைக்கிறீர்கள். நோய்தான் அவரை இளைக்கவும் வைக்கிறது, சாப்பிட விடாமலும் செய்கிறது.

சரி, ஒன்றுமே பார்க்க வேண்டாமா என்றால், பார்க்க வேண்டும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. மருந்து போட்டால் சில நாளில் சரியாகும். மலம் போய் எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். குமட்டல் இருக்கிறதா என்று கேளுங்கள். வலியே பசியைக் கெடுக்கும். இந்த நாலையும் சரிசெய்தால் இன்னும் கொஞ்சம் சாப்பிடக்கூடும். பசியைக் கொஞ்ச நாளைக்குத் தூண்டும் மாத்திரைகளும், கணையம் சுரக்காத செரிமான நொதியை ஈடுகட்டும் கேப்சூல்களும் உண்டு. டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். இதற்கு மேலே கட்டாயப்படுத்துவதால் வரும் நன்மை ஒன்றுமில்லை. வாந்தி வரும், புரையேறும். எல்லாவற்றையும்விட, சாப்பாட்டுத் தட்டோடு உங்கள் அம்மா வருவதைப் பார்த்தாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆயுள் முழுக்கச் சோறு போட்ட கைக்கு அது எவ்வளவு பெரிய அடி!

டியூபைப் பற்றி அண்ணனிடம் சொல்ல என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. நான் டாக்டராகி மூன்றாவது வருடம். குணமாகாத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் இந்தத் துறைக்கு அப்போது வரவில்லை. என் மாமியாருக்குப் புற்றுநோய் முற்றி, ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். சாப்பிடவில்லை என்று மூக்கில் டியூப் போட்டார்கள். அவர் அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். இரண்டு கையையும் காஸ் துணியால் கட்டில் கம்பியில் கட்டினார்கள். சம்மதக் கையெழுத்து போட்டது நான். பால் உள்ளே போனது, பாதி நுரையீரலுக்கும் போனது. ஒன்பதாம் நாள் இறந்தார். அந்த ஒன்பது நாளும் என் கையைப் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. இதை நான் இந்தத் துறைக்கு வந்ததற்குக் காரணமாகச் சொல்வதுண்டு. உங்கள் அண்ணனுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: முற்றிய புற்றுநோயில் மூக்கு டியூப் ஆயுளைக் கூட்டுவதாக நாங்கள் பார்க்கவில்லை. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ அடைப்பு, ஆனால் பசி இருக்கிறது, நடமாட்டம் இருக்கிறது என்றால் டியூப் வேறு கதை. அங்கே அது உதவும். அப்பாவின் நிலை அது இல்லை.

குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்லியும் யாராவது வருவார்கள். ஒரு பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும் உப்பும். வாந்தி பேதியால் திடீரென்று நீர் வற்றியிருந்தால் ஒன்றிரண்டு பாட்டில் நல்லது செய்யும். கடைசிக் கட்டத்தில் அந்த நீரை உடம்பால் வெளியேற்ற முடியாது. காலில் வீங்கும், வயிற்றில் சேரும், நெஞ்சில் சளியாகத் தேங்கி மூச்சை இழுக்க வைக்கும். நாக்கு வறள்வதற்கு ட்ரிப்ஸ் மருந்தில்லை. நாக்கை நனைப்பதுதான் மருந்து.

அம்மாவிடம் அந்த வேலையைக் கொடுங்கள். சுத்தமான துணியை விரலில் சுற்றி, வெந்நீரில் நனைத்து, பல்லையும் நாக்கையும் ஈறையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துடைத்துவிட வேண்டும். உதட்டில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கலாம். சின்ன ஐஸ் துண்டு, இளநீர் இரண்டு ஸ்பூன், நீர்மோர், ரசத் தெளிவு, அவருக்கு எது பிடிக்குமோ அது, அவர் கேட்கும்போது, நிமிர்த்தி உட்கார வைத்து. சாத்தூர்க்காரர் காராச்சேவு கேட்டால் மறுக்காதீர்கள். ஒரு துண்டைப் பொடித்து நாக்கில் வையுங்கள். ருசி பார்த்துவிட்டுத் துப்பினாலும் பரவாயில்லை. இனிமேல் சாப்பாட்டின் பயன் அந்த ருசிதான்.

அடுத்து, அந்த நோட்டு.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறீர்கள். 30 வருடம் கணக்கு எழுதியவர், சகோதரி. மூன்றாவது கீமோவுக்குப் பிறகு நான்காவதற்குக் கூப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பேரனைக் காணோம், ஓசூர்க்காரன் வாரா வாரம் வருகிறான், அம்மா அடுப்படியில் அழுதுவிட்டு முகம் கழுவி வருகிறாள். இதையெல்லாம் கூட்டிப் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். கூட்டிப் பார்த்துவிட்டார். அதனால்தான் நோட்டைக் கேட்டார். நீங்கள் அவருக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறீர்கள், அவர் தனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறார். ஒரே வீட்டில் இப்படித் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கும் குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நோய் விவரம் முழுவதையும் உட்கார வைத்து ஒப்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வலி கொஞ்சம் குறைந்த ஒரு நேரம் பார்த்து, நோட்டையும் பேனாவையும் அவர் மடியில் வையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். "உங்க உடம்பைப் பத்தி நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், கஷ்டமாக இருந்தாலும். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதும் அவர் உரிமை. "எனக்குத் தெரியும்மா" என்றால் மறுக்காதீர்கள். "பிழைப்பேனா?" என்று நேராகக் கேட்டால், "நோயை இனிமே நிறுத்த முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கப்பா. வலி இல்லாம பாத்துக்கிடலாம். நாங்க எல்லாரும் கூடவே இருப்போம்" என்று சொல்லலாம். அழுகை வந்தால் அவர் முன்னாலேயே அழலாம். நோட்டில் யாருக்குக் கொடுக்க வேண்டியது, யாரிடம் வர வேண்டியது என்று எழுதப் போகிறாரோ, மனசில் இருக்கும் வேறு ஏதோ எழுதப் போகிறாரோ, அது அவர் வேலை. கை நடுங்கினால் நீங்கள் எழுதுங்கள், அவர் சொல்லட்டும்.

சிசிலி சாண்டர்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு டாக்டர் இருந்தார். முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனையில் சமூகப் பணி, அதன் பிறகு மருத்துவம் படித்தவர். 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்தான், குணமாகாத நோயாளிகளைக் கவனிக்கும் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் முன்மாதிரி. உடம்பின் நோவு, மனசின் பயம், குடும்பக் கவலை, கடவுளிடம் உள்ள கோபம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நோயாளியின் முழு வலி என்றார் அவர். முடிக்காத கணக்கும் அதில் ஒன்று. மார்ஃபினை எவ்வளவு ஏற்றினாலும் வலி குறையாத சிலருக்கு, பேச வேண்டியதைப் பேசிய அன்று மாத்திரை பாதியாகக் குறைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் சென்னைக்குக் கொண்டுபோக நினைப்பது பாசத்தால்தான். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி அதிகம் இருக்கும். அவரைக் கோபிக்காமல், மதுரை டாக்டரிடம் நேரில் கூட்டிப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "சென்னையில் என்ன செய்ய முடியும், அதனால் அப்பாவுக்கு என்ன கிடைக்கும்?" அங்கே ஐசியூவில் சேர்த்தால் மூச்சுக்குழாய், இயந்திரம், பார்க்க ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாசலில் நீங்கள். நிலம் போவது அப்புறம். செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு உரிமை இருக்கிறது. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை இரண்டு சாட்சிகள் முன்னால் எழுதி, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கி வைத்தால் போதும் என்று 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கியது. அப்பா நோட்டில் எழுத விரும்புவதில் இதுவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஹாஸ்பிஸ் பற்றி ஊர் பேசும் என்று பயப்படுகிறீர்கள். முதியோர் இல்லத்தில் விடுவது போல என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஹாஸ்பிஸ் என்பது நோயைக் குணப்படுத்துவதை விட்டு, நோயாளியின் வலியையும் மூச்சுத்திணறலையும் புண்ணையும் பயத்தையும் கவனிப்பதற்கென்றே உள்ள இடம். குடும்பத்தார் கூட இருக்கலாம். நம் நாட்டில் முதலாவது 1986இல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேத்னா. சென்னையில் ஜீவோதயா புற்றுநோயாளிகளைக் கட்டணமில்லாமல் பார்க்கிறது. உங்களுக்குப் பக்கமாக மதுரையில் நேத்ராவதி மையம் இருக்கிறது. போவதற்கு முன் போனில் பேசி, இடம் இருக்கிறதா, யார் கூட இருக்க வேண்டும், என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சேர்த்தால் கடைசி வரை அங்கேதான் என்றும் இல்லை. வலியைக் கட்டுக்குள் கொண்டுவர ஐந்தாறு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. பார்த்துக்கொள்கிறவர் விழுந்துவிடும் நிலையில் இருந்தாலும் சில நாள் அனுமதிப்பார்கள்.

ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அப்பா இருக்க விரும்புவது வீட்டில் என்றால், ஹாஸ்பிஸ் செய்வதில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்ய முடியும். நான் கோழிக்கோட்டில் பயிற்சி எடுத்த நாட்களில் அதைக் கற்றுக்கொண்டேன். அங்கே 1993இல் ஒரு சிறு அறையில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், பிறகு ஊர் ஊராகப் பரவியது. ஆட்டோ ஓட்டுகிறவரும் கடைக்காரரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கிப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் போய்ப் பார்க்கிறார்கள். நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். 2008இல் கேரள அரசே அதைக் கொள்கையாக்கியது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் நோய் ஆதரவு சிகிச்சை உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கிராம சுகாதாரச் செவிலியரிடம் அப்பாவின் பெயரைப் பதிந்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் 104க்குப் போன் செய்யுங்கள். பணம் கேட்க மாட்டார்கள்.

கடைசி நாட்கள் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும். தெரிந்திருந்தால் பயம் குறையும் என்பதால் சொல்கிறேன். தூக்கம் கூடிக்கொண்டே போகும். சிறுநீர் குறைந்து நிறம் அடரும். கையும் காலும் சில்லிடும், முழங்கால் பக்கம் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாக வந்து, பிறகு நின்றது போல இடைவெளி விட்டு, திரும்ப வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம். கேட்பவர்களுக்கு அது கொடுமை. அந்த நேரத்தில் அவர் அதை உணர்வதில்லை என்றே நம்புகிறோம். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். குறைக்க மருந்தும் உண்டு, நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். அந்த நேரத்தில் யாராவது பதறிப்போய் 108ஐக் கூப்பிட்டால், வருகிறவர்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்கள். அது அவர்கள் கடமை. ஆகவே யாரைக் கூப்பிட வேண்டும் என்று இப்போதே பேசி முடிவு செய்து, அந்த நம்பரையும் சுவரில் ஒட்டுங்கள்.

பால் ஊற்றச் சொல்வார்கள். ஊர் மண்ணைக் கரைத்து, காசை உரசி ஊற்றச் சொல்வார்கள். விழுங்க முடியாதவர் தொண்டையில் எதை ஊற்றினாலும் மூச்சு அடைக்கும். சடங்கு வேண்டுமென்றால் துணியை நனைத்து உதட்டில் ஒரு துளி தொட்டு வையுங்கள், அது போதும். பேச்சு நின்ற பிறகும் காது கேட்கிறது என்று நினைத்தே பேசுங்கள். அவர் பக்கத்தில் நின்று சொத்துப் பேச்சு வேண்டாம்.

வீட்டில் இயற்கையாக இறந்தால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் எதுவும் தேவையில்லை. பார்த்துவந்த டாக்டர் இறப்புக்கான காரணத்தை எழுதிச் சான்று தருவார். அதை வைத்து 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்துவிடுங்கள். மதுரை ஆஸ்பத்திரி ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 8 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று தெரியும். என்ன என்று தெரியாததால், தான் செய்த ஏதோ தப்பால்தான் என்று நினைத்துக்கொள்வான். தாத்தாவுக்கு உடம்பில் பெரிய நோய், மருந்தால் அதைச் சரிசெய்ய முடியவில்லை, சீக்கிரம் இறந்துவிடுவார் என்று அவனுக்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள். அது உனக்கு ஒட்டாது, உன்னால் வந்ததும் இல்லை என்பதையும் சொல்லுங்கள். "தாத்தா தூங்கிட்டார்", "ஊருக்குப் போயிட்டார்" என்று சொன்னால் பிறகு தூங்கவே பயப்படுவான், யாராவது ஊருக்குக் கிளம்பினால் அழுவான். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதட்டும். விசிறிவிடச் சொல்லுங்கள். போதும் என்று எழுந்து விளையாடப் போனால் தடுக்காதீர்கள்.

கடைசியாக நீங்கள். தூங்கி எத்தனை நாளாச்சு என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள். இதைக் கடிதத்தின் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது முதல் வரியாகத்தான் தெரிந்தது. அண்ணனுக்கு இன்றே போன் செய்யுங்கள். நிலத்தை விற்க வேண்டாம், ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா என்று சொல்லுங்கள். வந்ததும் மருந்துச் சீட்டையும் சுவரில் ஒட்டிய தாளையும் காட்டி, ராத்திரி வேளை மாத்திரையை அவரே கொடுக்கட்டும், அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் அவரே பாய் விரித்துப் படுக்கட்டும். நீங்கள் மகனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்குங்கள். ராத்திரி கண் விழித்தால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம். அண்ணன் இருக்கிறார்.